திரும்பி வரும் மின்னஞ்சல் சொல்வது என்ன?

(தாம்பரத்தில் நடந்த கல்வி உதவி ஆலோசனைக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி, ஜகாத், மருத்துவ முகாம் என எந்த அறிவிப்பையும் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் குடும்பங்களுக்கு நாம் மின்னஞ்சலிலும் அனுப்புகிறோம். ஒவ்வொரு முறையும் சில திரும்பி வருகின்றன. கூடவே ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தியும் வருகிறது. அதைக் குப்பை என்று அழித்துவிடக் கூடாது. ஒரு குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்பதே அதன் பொருள். விண்ணப்பத்தின் கடைசித் தேதி அந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்காது.

அந்தச் செய்தியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 4 என்று தொடங்கினால் தற்காலிகத் தடை. சர்வரே மறுபடி மறுபடி முயலும், நாம் பொறுத்திருக்கலாம். 5 என்று தொடங்கினால் நிரந்தர மறுப்பு. காரணத்தைச் சரிசெய்யாமல் எத்தனை முறை அனுப்பினாலும் போகாது.

5.1.1 என்றால் அப்படியொரு முகவரி இல்லை. பெரும்பாலும் எழுத்துப் பிழைதான். முஹம்மத் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஓர் எழுத்து மாறினாலும் மடல் போகாது. மாறிய முகவரி வேறொருவருடையதாக இருந்தால் பிழைச் செய்தியும் வராது. ஒரு குடும்பத்தின் கஷ்டம் அந்நியர் கைக்குப் போய்விடும். இன்னொரு காரணம், கணக்கே நீக்கப்பட்டிருக்கலாம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியது. பிரவுசிங் சென்டரில் யாரோ தொடங்கிக் கொடுத்து, பாஸ்வேர்டு மறந்துபோன கணக்குகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் மெயிலுக்கு மட்டுமல்ல. போட்டோ, வீடியோக்களும் அதில்தான் சேர்கின்றன. வேண்டாத வீடியோக்களை அழித்தாலே வழி திறக்கும்.

5.7 என்று தொடங்கினால், பெரும்பாலும் அனுப்புகிறவர் பக்கம் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கியுள்ளன. சொந்த டொமைன் வைத்திருக்கும் அமைப்புகள், மடல் தம்முடையதுதான் என்பதற்குச் சான்றாக எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ஆகியவற்றைச் சரியாக அமைக்க வேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்கு மேல் அனுப்பவும் முடியாது.

நம் தொண்டர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, 5 என்று வரும் ஒவ்வொரு பிழைக்கும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். இரண்டு, முகவரியைத் திருத்தினால் குழுப் பட்டியலிலும் திருத்துங்கள், பழையதை நீக்குங்கள். சில மென்பொருள்களில் ஓரிடத்தில் மாற்றினால் மற்றோரிடத்தில் தானாக மாறாது. மூன்று, முகவரிகளை எப்போதும் பி.சி.சி. கட்டத்திலேயே போடுங்கள். ஜகாத் பெறுபவர் யார் என்று அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. அவர்களின் கண்ணியம் நம்மிடம் உள்ள அமானிதம்.

குடும்பத்தாரே, முகவரியைப் படிவத்தில் நீங்களே தெளிவாக எழுதுங்கள். முதல் மடல் வந்ததும் 'கிடைத்தது' என்று ஒரு வரி பதில் போடுங்கள். சரியான ஆளிடம்தான் சேர்ந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். போன் நம்பர் மாறினால் சொல்லுங்கள். மின்னஞ்சலே இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். தபாலிலோ நேரிலோ சொல்லியனுப்புவது எங்கள் பொறுப்பு.

உதவிப் பணம் மட்டுமல்ல, அது இருக்கிறது என்ற செய்தியும் உரியவரிடம் சேர வேண்டும். அல்லாஹ் நம் அனைவரின் முயற்சிகளையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.