பலகையில் ஒரு பெயர், பட்டியலில் ஓர் எண்



தாம்பரம் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் முப்பது ஆண்டுக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவள் நான். 2023-ல் ஓய்வு பெற்றேன். சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் காய்கறிக் கடையில்கூட என்னை நிறுத்திக் கேட்பார்கள். சில நாளுக்கு முன் ஒரு பெண், "டீச்சர், பையனை ஒண்ணாப்புல போடணும். வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிறது நடுநிலைப் பள்ளின்னு போட்டிருக்கு. அங்க ஆறாவதுல இருந்துதானே சேர்ப்பாங்க?" என்று கேட்டாள். இல்லையம்மா. நம் மாநிலத்தில் நடுநிலைப் பள்ளி என்றால் ஒன்று முதல் எட்டு வரை. தொடக்கப் பள்ளி ஐந்தாவதோடு நின்றுவிடும். அவள் தெருமுனைப் பள்ளியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போகிற பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். ஒரு சொல் புரியாததற்கு எவ்வளவு அலைச்சல்!

பலகையில் இன்னொரு சொல்லும் பலரைக் குழப்புகிறது: 'ஊராட்சி ஒன்றியம்'. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. அதற்கு வெகுகாலம் முன்பே சிட்லபாக்கம், சேலையூர் பக்கமெல்லாம் வயலாக இருந்த நாளில் திறந்த பள்ளிகள், பரங்கிமலை ஒன்றியத்தின் பெயரைத் தாங்கி வந்தன. ஒன்றியப் பள்ளி என்றதும் 'ஏதோ பஞ்சாயத்துப் பள்ளி, அரசுப் பள்ளி இல்லை' என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் அரசுப் பள்ளிதான். 1981-லேயே அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாகிவிட்டார்கள்.

உதவி பெறும் பள்ளி வேறு. நடத்துவது ஒரு சபையோ அறக்கட்டளையோ. ஆசிரியர் சம்பளம் அரசுடையது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தட்டில் பார்த்தார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில்தான் வந்தது. ஒரே தெரு, ஒரே மாதிரிக் குடும்பம். ஒரு குழந்தைக்குப் பொங்கல் கிடைத்தது, அடுத்த வீட்டுக் குழந்தைக்கு இரண்டு வருடம் கிடைக்கவில்லை. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் உள்ள 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடும் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் அதில் வர மாட்டார்கள். ஆகவே ஐந்தாவது முடித்து டிசி வாங்கும் நாள் சாதாரண நாள் இல்லை. அன்றைக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

மெட்ரிக் என்ற சொல்லுக்கு இன்னும் ஒரு மவுசு இருக்கிறது. மெட்ரிகுலேஷன் ஒரு காலத்தில் பல்கலைக்கழகம் நடத்திய தேர்வு. பிறகு மாநில அரசின் கீழ் தனி வாரியமாக, தனிப் பாடத்திட்டத்தோடு இருந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர்க் கல்வி பத்தாவது வரை எல்லா வகுப்புக்கும் வந்தது. இன்று மெட்ரிக் பள்ளிக்கும் ஒன்றியப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றே. கட்டணம், கட்டடம், ஆங்கிலம் இவற்றுக்காகச் சேர்ப்பது பெற்றோர் விருப்பம். 'பாடமே வேற' என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். 'சிபிஎஸ்இ முறையில்' என்று பலகை வைத்த மழலையர் பள்ளியாக இருந்தால், இணைப்பு எண்ணைக் கேளுங்கள். முறை என்பது வேறு, இணைப்பு என்பது வேறு.

சரி, பலகையைப் படித்தாயிற்று. 'எந்தப் பள்ளி முதலிடம்' என்று அடுத்துக் கேட்பார்கள். தொடக்கப் பள்ளிக்கு அப்படி ஒரு பட்டியல் இங்கே இல்லை. ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019-ல் அறிவித்தார்கள். 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அந்தச் சில மாதம் பத்து வயதுக் குழந்தைகள் ஹால்டிக்கெட் என்ற சொல்லைக் கேட்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். கைவிட்டது நல்லது. எனவே 'ஐந்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி' என்று ஒரு பள்ளி விளம்பரம் செய்தால் அதில் பொருளே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் அடுத்த வகுப்புக்குப் போகிறார்கள். 2021-ல் நடந்த தேசிய அடைவு ஆய்வு போன்றவை சில பள்ளிகளை மட்டும் எடுத்து, மாவட்டமும் மாநிலமும் எப்படி என்று சொல்லும். உங்கள் தெருப் பள்ளியைப் பற்றிச் சொல்லாது.

உங்கள் பள்ளியைப் பற்றிச் சொல்வது யுடைஸ் என்ற பள்ளித் தகவல் பதிவு. ஒவ்வொரு பள்ளிக்கும் பதினோரு இலக்க எண். நம் மாநிலத்துக்கு 33-ல் தொடங்கும். வகுப்பறை, கழிப்பறை, பிள்ளைகள், ஆசிரியர்கள் எத்தனை என்று யாரும் இணையத்தில் பார்க்கலாம். அதில் நீங்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு: ஆசிரியர் மாணவர் விகிதம்.

கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஆக ஓர் ஆசிரியருக்கு முப்பது பேர். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் வகுப்பு ஐந்து! நான் ஈராசிரியர் பள்ளியில் இருந்திருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியையிடம். அவர் கூட்டத்துக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போனால் ஐந்தும் என்னிடம். ஒரு பக்கம் 'அ' எழுதக் கையைப் பிடிக்க வேண்டும். மறுபக்கம் வகுத்தல் கணக்கு. பிள்ளைகள் இருபதாகக் குறைந்தால் விகிதம் பத்தாகிவிடும். எண்ணைப் பார்ப்பவர் இது பணக்காரப் பள்ளி என்றே நினைப்பார். முந்நூறு பிள்ளைகளும் பத்து ஆசிரியர்களும் உள்ள பள்ளிக்கும் விகிதம் முப்பதுதான். அங்கே வகுப்புக்கு இரண்டு பிரிவு, பிரிவுக்கு ஒரு டீச்சர். ஆகவே விகிதத்தைக் கேட்காதீர்கள். 'ஒண்ணாப்புக்குன்னு தனி டீச்சர் இருக்காங்களா?' என்று கேளுங்கள்.

விழுக்காட்டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் ஒரு குழந்தை காய்ச்சலில் படுத்தால் வருகை எட்டு விழுக்காடு சரிந்துவிடும்.

விழுக்காடு மட்டும் போதாது, முன்னேற்றமும் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் அரசே தொடக்கப் பள்ளிகளுக்குப் பட்டியல் போடுகிறது. அதில் எத்தனை பேர் எதிர்பார்த்த நிலையை எட்டினார்கள் என்பதோடு, ஒரு குழந்தை எங்கே தொடங்கி எங்கே வந்தது என்ற முன்னேற்றக் கணக்கையும் பல ஆண்டு தனியே வெளியிட்டார்கள். நமக்கு 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகளாகப் பிரித்தார்கள். அந்தச் சொற்கள் எனக்கு மிகவும் பிடித்தவை.

அந்த வருடம் நவம்பரில் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தாள். நகரத்தின் ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து குடும்பத்தை இந்தப் பக்கம் மாற்றியிருந்தார்கள். எழுத்தே தெரியாது, அரும்பில் உட்கார்ந்தாள். ஏப்ரலில் மொட்டுக்கு வந்தாள். மூன்றாம் வகுப்புக்குரிய மலர் நிலையை எட்டாதவர்கள் கணக்கில்தான் அவள் பெயர் போயிற்று. எங்கள் விழுக்காடும் குறைந்தது. பள்ளி முடிகிற கடைசி நாள், பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். தலையை நிமிர்த்திப் பலகையை எழுத்துக் கூட்டினாள்: "ஊ... ரா... ட்சி... ஒன்... றி... யம்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒன்றியம்னா என்னா டீச்சர்?" என்று கேட்டாள்.