சிறிய சபையும் சுகமாக்கும் ஊழியமும்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஐக்கியக் கூடுகையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



கிராமங்களிலுள்ள சிறிய சபைகள் இக்காலத்திற்கு ஏற்றபடி எழும்புவது எப்படி என்ற தலைப்பில் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். மருத்துவமனைக்காகக் கூடிய இடத்தில் சபையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இன்று நம் ஜனங்களை வருத்தும் நோய்களுக்கு மருத்துவமனை மட்டும் விடை தர முடியாது. இன்று நம் சிறிய சபைகளைக் கலங்கச் செய்யும் கேள்விக்கு ஆராதனை முறையை மாற்றுவது மட்டும் விடையாகாது. இந்த இரண்டு குறைகளும் ஒன்றையொன்று தீர்க்கக்கூடியவை. அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலாவது, சபைகளின் நிலையைப் பார்ப்போம். ஒரு சேகரத்தில் ஒரே குருவானவர் பல கிளைச் சபைகளைக் கவனிக்கிறார். திருவிருந்து ஆராதனை மாதம் ஒருமுறை வந்தால் பெரிது. மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரோ சபையில் மூத்தவர் ஒருவரோ ஆராதனை நடத்துகிறார். பிள்ளைகள் படித்து, சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் ஆலயம் நிரம்புகிறது. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் பதினைந்து, இருபது பேர். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். "ஐயா, எங்களுக்குப் பிறகு மணி அடிக்க ஆள் இருக்குமா?" என்று கேட்கிறார்கள். அது சோர்வினால் வந்த கேள்வி மட்டுமல்ல, நியாயமான கேள்வியும்கூட.

இதற்கு நாம் பெரும்பாலும் சொல்லும் மருந்து என்ன? பட்டணத்துச் சபையைப் பார்த்து அதைப்போலச் செய்யுங்கள் என்கிறோம். ஒலிபெருக்கி வாங்குகிறோம், கீபோர்டு வாங்குகிறோம், சுவரில் திரை மாட்டுகிறோம், தரைக்கு டைல்ஸ் போடுகிறோம். இவை பாவமல்ல. ஆனால் கீபோர்டை வாசிக்கத் தெரிந்த வாலிபன் வேலைக்குப் போன மறுமாதமே அது உறைக்குள் போய்விடுகிறது. பெரிய சபையைப் பார்த்து நடக்கிற சிறிய சபை எப்போதும் தன்னிடம் இல்லாததையே எண்ணிக்கொண்டிருக்கும்.

தன்னிடம் இருப்பதை அது எண்ணிப் பார்க்கட்டும். ஆயிரம் குடும்பங்கள் உள்ள சபையில், மூன்று வாரம் வராதவர் ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. இருபது பேர் உள்ள சபையில் ஒரு வாரம் ஒரு இடம் காலியாயிருந்தால் எல்லாருக்கும் தெரியும். எந்தப் பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது, எந்தத் தாத்தா மாத்திரை வாங்கப் பணமில்லாமல் நிறுத்திவிட்டார், எந்த வீட்டில் மருமகள் படுக்கையிலிருக்கும் மாமியாரைத் தனியாகத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்துபோகிறாள் என்பதெல்லாம் தெரியும். இந்த அறிவை எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. ஆண்டவர் தம்முடையவர்களைச் சிறுமந்தை என்று அழைத்தது குறைத்துப் பேசியதல்ல என்பதை இங்கே நினைவுகூருவோம்.

சபையின் சரித்திரமும் இதைத்தான் சொல்லுகிறது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ரோம சாம்ராஜ்யத்தில் கொடிய கொள்ளைநோய் பரவியது. அப்போது கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர், துன்புறுத்தலுக்கு உள்ளானவர்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் அத்தியட்சர் சிப்ரியான், நோயாளிகளைப் பராமரிக்கும்படி தம் சபையை ஒழுங்குபடுத்தினார். விசுவாசிகளை மட்டுமல்ல, தங்களைப் பகைத்தவர்களையும் கவனிக்கும்படி போதித்தார். அவர்களிடம் சிறப்பான மருந்து ஒன்றும் இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள், கஞ்சி கொடுத்தார்கள், அருகில் இருந்தார்கள். சபை அந்தக் காலத்திற்குத் தேவையானதாக இருந்தது அப்படித்தான்.

நம்முடைய சொந்த மண்ணிலும் சாட்சி உண்டு. திருநெல்வேலிச் சபைகளில் தாய்மார் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். பெரும் செல்வம் இல்லாத அந்தச் சபையார் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஏற்படுத்தி, தங்கள் சொந்தக் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினார்கள். சிறியவர்கள் செய்த பெரிய காரியம் அது. ஒரு பிடிதான், ஆனால் தினமும்.

இரண்டாவது, நோய்களின் நிலை. நெய்யூரில் 1838-இல் மருத்துவ ஊழியம் தொடங்கியபோதும், வேலூரில் 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு சிகிச்சை ஆரம்பித்தபோதும், ஜனங்களை வாட்டியவை காலரா, அம்மை, பிரசவ மரணம், தொழுநோய் போன்றவை. நோயாளி வருவார், சிகிச்சை பெறுவார், சுகமாகிப் போவார் அல்லது மரிப்பார். இன்றைக்கு நம் வெளிநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவர்கள் சர்க்கரை வியாதிக்காரர், இரத்தக்கொதிப்புக்காரர், பக்கவாதத்தால் கை கால் விழுந்தவர்கள், புற்றுநோயாளிகள், ஞாபகம் தவறிய முதியவர்கள். இவர்களை மருத்துவர் பார்ப்பது மாதத்தில் பத்து நிமிஷம். மீதி நாட்களெல்லாம் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். நோய் வெல்வதும் தோற்பதும் அங்கேதான்.

1964-ஆம் ஆண்டு ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் உலகத் திருச்சபைகளின் மருத்துவ ஊழியத்தைப் பற்றி ஓர் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. சுகமாக்கும் ஊழியம் மருத்துவருக்கும் செவிலியருக்கும் மட்டும் கொடுக்கப்பட்டதல்ல, உள்ளூர்ச் சபை முழுவதற்கும் உரியது என்று அங்கே கூடியவர்கள் வலியுறுத்தினார்கள். அதன் தொடர்ச்சியாக 1968-இல் உலகத் திருச்சபை மன்றம் கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தை ஏற்படுத்தியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அந்த உண்மையைப் பிரசங்கத்தில் வைத்திருக்கிறோமே தவிர, தெருவில் இறக்கி வைக்கவில்லை.

அப்படியானால் இருபது பேர் கொண்ட சபை என்ன செய்யலாம்? நான்கு காரியங்களைச் சொல்லுகிறேன்.

ஒன்று, மாத்திரை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக்கொதிப்புக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. நல்ல காரியம், நாம் அதற்குப் போட்டியாக எதையும் தொடங்க வேண்டாம். ஆனால் மருந்து வாசல்வரை வந்தாலும், வாசலிலிருந்து வாய்வரை போய்ச் சேர ஆள் வேண்டும். தனியாக இருக்கும் முதியவரிடம், "பாட்டி, காலை மாத்திரை போட்டாயிற்றா?" என்று கேட்க ஒரு பக்கத்து வீட்டுப் பெண் போதும். காசநோய்க்கு ஆறு மாதமாவது மருந்து சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நோய் மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வருகிறது. அந்த நான்கு மாத இடைவெளியில் கூட நடப்பதற்கு ஒருவர் வேண்டும்.

இரண்டு, கண்ணும் காலமும். சர்க்கரை நோயாளியின் பாதத்தை வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்தால், சிறு புண் காலை எடுக்கும் அளவுக்குப் போகாமல் தடுக்கலாம். முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதம் என்று அறிந்து உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரு வார்த்தை, ஒருவரை ஆயுள் முழுவதும் படுக்கையில் கிடத்திவிடக்கூடும்.

மூன்று, படுக்கையிலிருப்பவர். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும், வாய் சுத்தம் செய்வதும், புண்ணைக் கவனிப்பதும் கற்றுக்கொள்ளக்கூடியவை. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் வலி நிவாரணச் சேவை தொடங்கி, பின்பு மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தார் இயக்கமாகப் பரவியது. வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்கக்கூடிய சாதாரண ஜனங்கள், எல்லா மதத்தாரும், பயிற்சி பெற்று நோயாளிகளின் வீடுகளுக்குப் போனார்கள். 2008-இல் அந்த மாநில அரசே இதற்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. அவர்களால் முடிந்தது ஏற்கெனவே வாரந்தோறும் கூடிவருகிற நம்மால் முடியாதா?

நான்கு, தூரத்திலிருப்பவர்கள். வெளியூர் போன பிள்ளைகளைச் சபை இழந்துவிட்டதாக எண்ண வேண்டாம். கையில் தொலைபேசி இருக்கிறது. தாய்க்கு உடம்பு சரியில்லை என்று துபாயிலுள்ள மகனுக்குச் சபையார் சொல்லுகிறார்கள். அவன் ஆட்டோ கட்டணம் அனுப்புகிறான். சபையார் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள். அந்த மகனுக்கு அந்தச் சபை இனி பண்டிகைக்கு மட்டும் வந்துபோகும் இடமாக இராது.

சில எச்சரிப்புகளையும் அன்போடு சொல்ல வேண்டும். ஜெபம் பண்ணியாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்று சொல்லுகிறவர்கள் நம் நடுவில் உண்டு. இன்சுலினை நிறுத்தும்படி சொல்லுவது விசுவாசமல்ல. அது உயிரோடு விளையாடுவது. அடுத்ததாக, ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய நோயைச் சபையெல்லாம் கேட்க அறிவிப்பது அவரைப் புண்படுத்தும். அனுமதி இல்லாமல் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. மூன்றாவதாக, உதவி தூண்டில் ஆகக் கூடாது. எந்த மதத்தாரானாலும் நிபந்தனையின்றிச் செய்ய வேண்டும்.

இன்னொன்று கசப்பானது. நம்முடைய பல கிராமச் சபைகள் ஒரே சாதியாரால் ஆனவை. ஆலயத்தில் ஒரே பாத்திரத்தில் பருகுகிறோம். பக்கத்துத் தெருவின் வீட்டுக்குள் போகத் தயங்குகிறோம். நோயாளியின் புண்ணைக் கழுவப் போகிறவர் தெருவைப் பார்த்துப் போக முடியாது. இந்த ஊழியத்தை உண்மையாய்ச் செய்தால், இந்தப் பழைய சுவரில் விரிசல் விழும். விழாவிட்டால், நாம் புதிய காலத்திற்கு ஏற்றவர்களாக மாறவில்லை என்று அர்த்தம், திரை மாட்டியிருந்தாலும் சரி.

இப்போது ஆதரவாளர்களாகிய உங்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்ததை நாம் அறிவோம். உங்கள் காணிக்கை அதைப்போன்றது. அதனால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அவன் பணம் கொடுக்கும் முன்னே வழியில் இறங்கினான், காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரம் நம் மருத்துவமனை என்றால், அந்த வழி நம் கிராமங்கள். அங்கே இருப்பது சிறிய சபை.

ஆகையால் மூன்று விண்ணப்பங்கள். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை, கிளைச் சபைக்கு இரண்டு பெண்கள் வீதம் நம் மருத்துவமனையில் வந்து பயிற்சி பெறவும், இரத்தக்கொதிப்புப் பார்க்கும் கருவி ஒன்று அவர்கள் கையில் இருக்கவும் குறித்துக் கொடுங்கள். இரண்டாவது, ஏழை நோயாளியின் பேருந்து, ஆட்டோ கட்டணத்திற்கு உதவுங்கள். பயணச்செலவுக்குப் பயந்து மறுசோதனைக்கு வராமல் போகிறவர்கள் அநேகர். மூன்றாவது, உங்களில் பலர் கிராமத்திலிருந்து வந்தவர்கள். உங்கள் சொந்த ஊர்ச் சபையில் தனியாயிருக்கும் முதியவர் இருவரின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்தவர்கள் நாலு பேர். கூட்டத்தினால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். ஒரு கட்டிலுக்கு நாலு பேர் போதும். நம்முடைய மிகச் சிறிய சபையிலும் நாலு பேர் இருக்கிறார்கள்.

கர்த்தர் உங்களையும், உங்கள் காணிக்கையையும், நம் கிளைச் சபைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.