புதுமனை புகுந்த பூனை

வீட்டிற்கு ஒரு பூனைக்குட்டி வந்தால் அதனை எவ்வாறு பழக்குவது என்று நாம் அதிகம் சிந்திப்பதில்லை. ஒரு சிரட்டையிலே மீனும் சோறும், உருட்டி விளையாட ஒரு நூற்பந்தும் கிடைத்தால் இரண்டொரு நாளில் அது வீட்டுப் பிள்ளைகளுள் ஒன்றாகிவிடும். ஆனால், வளர்ந்த பூனையொன்று நம் வீட்டிற்கு வந்து சேரும்போது நிலைமை வேறாகின்றது. கடல் கடந்து குடியேறும் உறவினர் தாம் வளர்த்த பூனையை நம்மிடம் ஒப்படைத்துச் செல்கின்றனர். வளர்த்த முதியவர் காலமாகிவிட, அவருடைய பூனையை அயலவர் பொறுப்பேற்கின்றனர். விலங்குக் காப்பகங்களிலிருந்து இரக்கங்கொண்டு அழைத்து வருவோரும் உளர்.

இவ்வாறு வந்த பூனை முதல்நாளில் என்ன செய்கின்றது? கூடையைத் திறந்ததும் கட்டிலின்கீழ் ஓடி ஒளிகின்றது. வைத்த உணவைத் தொடுவதில்லை. கையை நீட்டினாற் சீறுகின்றது. நள்ளிரவில் எழுந்து வீடெல்லாம் கேட்கக் கத்துகின்றது. சில வேளைகளில் ஆடைகளின்மீது சிறுநீர் கழித்தும் விடுகின்றது. இவற்றைக் கண்ட வீட்டார், “இது நன்றி கெட்ட பூனை, நமக்குச் சரிவராது” என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இரண்டாவது கிழமை முடிவதற்குள் அந்தப் பூனை சாக்கினுள்ளே கட்டப்பட்டுச் சந்தையோரத்திற் கொண்டுபோய் விடப்படுவதும் உண்டு.

அந்தத் தீர்ப்பு எத்துணை அவசரமானது என்பதை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும். முதற்சில கிழமைகளில் நாம் காண்பது பூனையின் குணத்தையன்று. இடமிழந்த ஓர் உயிரின் அச்சத்தையே காண்கின்றோம்.

இதனை விளங்கிக்கொள்ளப் பூனை எத்தகைய பிராணி என்பதை முதலிலே அறிதல் வேண்டும். நம் வீட்டுப் பூனைகளின் மூதாதை, ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனையாகும். இதனை 2007ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியொன்று தெளிவாக நிறுவியது. சைப்பிரஸ் தீவிலே ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறையொன்றில், மனிதனுக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004ஆம் ஆண்டில் அகழ்வாராய்ச்சியாளர் உலகிற்கு அறிவித்தனர். உறவு அத்துணைப் பழைமையானது. எனினும், நாயைப்போலக் கூட்டமாக வேட்டையாடிய இனத்திலிருந்து பூனை வரவில்லை. அதன் மூதாதை தனித்து வேட்டையாடியது. எலிக்கும் பறவைக்கும் அது வேடன். ஓநாய்க்கும் பெரிய கழுகுக்கும் அதுவே இரை. காயமுற்றால் உணவூட்டத் துணை எதுவும் இல்லாத அந்தப் பிராணிக்கு, எங்கே ஒளியலாம், எவ்வழியே தப்பலாம் என்ற இட அறிவே உயிர்க்காப்பு.

நாய் தன் தலைவனோடு ஊர்விட்டு ஊர் செல்லும். பூனையோ தன் இடத்தைப் பற்றி நிற்கும் என்று நம் முன்னோர் கூறியதன் காரணம் இதுதான். அன்பில்லாமையால் அது அவ்வாறு செய்வதில்லை. அதன் உலகம் இடத்தின்மீது கட்டப்பட்டிருக்கின்றது.

அந்த இடத்தைப் பூனை கண்ணால் மட்டும் அறிவதில்லை; மூக்கினாலும் அறிகின்றது. பூனையின் கன்னங்களிலும், மோவாயிலும், நெற்றியின் இருபுறத்திலும், வாலின் அடியிலும், பாதங்களிலும் மணம் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. கதிரையின் காலிலும் கதவு நிலையிலும் நம் கால்களிலும் அது முகத்தை உரசிச் செல்லும்போது, “இது என்னுடையது, இங்கே அச்சமில்லை” என்று தன் மணத்தால் எழுதிவைக்கின்றது. பழைய வீட்டில் எத்தனையோ ஆண்டுகளாக அது எழுதிவைத்த எழுத்துகள் மூலைக்கு மூலை இருந்தன. புதிய வீட்டில் ஓர் எழுத்தும் இல்லை. அதுமட்டுமன்றி, அறியாத மனிதரின் மணமும், சவர்க்காரத்தின் மணமும், வேறு விலங்குகள் இருந்தால் அவற்றின் மணமும் நிறைந்திருக்கின்றன. மொழி தெரியாத நாட்டில் இரவிலே வந்திறங்கிய ஒருவனின் நிலைதான் அதன் நிலையும்.

ஆகவே, புதிய பூனைக்கு முதலில் முழு வீட்டையும் திறந்துவிடுதல் ஆகாது. ஓர் அறை போதும். அமைதியான சிறிய அறையொன்றில் ஒரு மூலையில் உணவும் நீரும், எதிர்மூலையில் மணல் நிரப்பிய தட்டும் வைக்கவேண்டும். உண்ணுமிடமும் கழிக்குமிடமும் அருகருகே இருப்பதைப் பூனை விரும்பாது. பழைய வீட்டிலிருந்து அது படுத்த துணியையோ சாக்கையோ கழுவாமல் அப்படியே கொண்டுவந்து போடுதல் மிகவும் நன்று. நமக்கு அது அழுக்குத் துணி; பூனைக்கு அதுவே எஞ்சியிருக்கும் ஊர். அந்த அறையிலே அது அச்சமின்றி உண்டு, உறங்கி, பொருள்களில் முகத்தை உரசத் தொடங்கிய பின்னர், அடுத்த அறையின் கதவைத் திறக்கலாம்.

அடுத்து, ஒளிந்துகொள்ளுதலைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டிலின்கீழ்க் கிடக்கும் பூனையை வெளியே இழுத்து மடியில் வைத்துத் தடவினால் விரைவிற் பழகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. நெதர்லாந்திலுள்ள விலங்குக் காப்பகமொன்றிற் செய்யப்பட்டு 2014ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்விலே, புதிதாக வந்த பூனைகளுட் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுக்கப்பட்டது, ஏனையவற்றுக்குக் கொடுக்கப்படவில்லை. மூன்றாம் நான்காம் நாள்களிலே, பெட்டி பெற்ற பூனைகள் மற்றவற்றைக் காட்டிலும் தெளிவாக அமைதியடைந்திருந்தன. பெட்டியில்லாத பூனைகளும் பதினான்காம் நாளளவில் அதே அமைதியை எய்தின. ஆயினும், அதுவரை அவை வீணே துன்புற்றன. ஒளிய இடமிருக்கின்றது என்ற உறுதியே வெளியே வரும் துணிவைக் கொடுக்கின்றது. கடையிலே கிடைக்கும் வெறும் கடுதாசிப் பெட்டியொன்றைக் கவிழ்த்து, ஒரு பக்கத்தில் வாயில் வெட்டிவிட்டால் போதும். செலவில்லாத இப்பெட்டி விலையுயர்ந்த மெத்தையிலும் மேலானது.

ஒளிவிடத்தைப் போலவே உயரமும் அதற்கு ஆறுதலளிக்கும். ‘மதில்மேற் பூனை’ என்று துணிவற்றவனை நாம் கேலி செய்கின்றோம். உண்மையில் மதில்மேல் இருக்கும் பூனை மிகத் தெளிவான அறிவோடுதான் அங்கே இருக்கின்றது. அங்கிருந்து வரும் ஆபத்தையும் காணலாம். தப்பும் வழியையும் காணலாம். அலுமாரியின் மேலே ஏறி அமர்ந்திருக்கும் புதிய பூனையைத் துரத்தாதீர்கள்.

அதன் உடல்மொழியையும் சற்றுக் கற்றுக்கொள்ளுதல் நலம். காதுகளைப் பக்கவாட்டில் மடித்து, கண்மணிகளை அகலவிரித்து, உடலைத் தாழ்த்தி அது சீறும்போது, “அருகே வராதே, சண்டையிட எனக்கு விருப்பமில்லை” என்று எச்சரிக்கின்றது. அந்த எச்சரிக்கைக்கு நாம் பணிந்து விலகினால், நம்மை நம்பலாம் என்று அது அறிகின்றது. வாலை நேரே நிமிர்த்திக்கொண்டு வருமானால் அது நட்பின் வணக்கம். தொண்டையில் எழும் குறுகுறுப்பு ஒலியைப் பெரும்பாலும் இன்பத்தின் அறிகுறியாகக் கொள்ளலாம். ஆனால், நோயுற்ற பூனையும் வலிமிகுந்த பூனையுங்கூட அவ்வாறு ஒலிப்பதுண்டு.

‘பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா?’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பூனை கண்ணை மூடுவதிலே வேறொரு பொருளும் உண்டென்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2020ஆம் ஆண்டிற் காட்டினர். மனிதர் பூனையை நோக்கிக் கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தபோது, பூனைகளும் தம் கண்களை அவ்வாறே சுருக்கின. அறியாத மனிதர் இதனைச் செய்து கையை நீட்டியபோதுங்கூட, அவை அவரருகே வர அதிகம் விரும்பின. ஆதலின், புதிய பூனையை உற்று நோக்காதீர்கள். இமைக்காத பார்வை அதற்கு அச்சுறுத்தலாகும். அறையின் தரையில் ஒருபுறமாக அமர்ந்து, ஏதேனும் நூலொன்றை மெல்லிய குரலில் வாசித்துக்கொண்டிருங்கள். இடையிடையே கண்களை மெல்ல மூடித் திறவுங்கள். அது தானாகவே வரும் நாள் வரும்.

இரவில் அது கத்துவதற்கும் காரணமுண்டு. பூனைகள் அந்தியிலும் விடியலிலும் விழிப்பு மிகுந்தவை. மாலைப்பொழுதிலே மனைக்கோழியைக் கவரவரும் வெருகைக் குறுந்தொகைப் புலவர் பாடியிருக்கின்றனர். வீட்டுப் பூனையிடத்தும் அந்த இயல்பு மாறவில்லை. மாலையில் ஒரு கயிற்றை இழுத்துச் சிறிதுநேரம் விளையாட்டுக் காட்டி, அதன்பின் உணவு கொடுத்தால், இரவின் ஓலம் மெல்லக் குறையும். அடித்தலும் அதட்டலும் அச்சத்தை வளர்க்குமேயன்றி அமைதியைத் தரமாட்டா. ஆடையில் சிறுநீர் கழித்ததற்கும் இதுவே விதி. பூனை பழிவாங்க அதனைச் செய்யவில்லை. மணற்றட்டு அழுக்காக இருக்கின்றதா, நடமாட்டம் மிகுந்த இடத்தில் இருக்கின்றதா, அல்லது உடலிலே நோய் உண்டா என்று நாமே ஆராயவேண்டும்.

பொறுமை வேண்டுமென்று இதுவரை வற்புறுத்தினேன். ஆனால், பொறுத்திருக்கக் கூடாத சில நிலைகளும் உண்டு. முதல்நாள் உண்ணாதிருப்பது பெரும்பாலும் அச்சத்தினால் வருவது. ஒரு முழுநாள் கடந்தும் ஒன்றும் உண்ணவில்லையெனில் மிருக வைத்தியரிடம் கேட்டல் வேண்டும். இரண்டு நாள்களுக்குமேல் காத்திருத்தல் ஆபத்து. பட்டினி கிடக்கும் பூனையின், சிறப்பாகப் பருத்த பூனையின், ஈரலிலே கொழுப்புப் படிந்து உயிருக்கே இறுதி வரலாம். பழகிய உணவையே சற்று இளஞ்சூடாக்கி, மணம் எழும்படி கொடுத்துப் பாருங்கள். முள் நீக்கி அவித்த மீனும் நன்று. பாலை நம்பியிருத்தல் ஆகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. ஆண்பூனை அடிக்கடி மணற்றட்டிற்குச் சென்று முக்கியும் சிறுநீர் வெளிவராதிருந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். சிறுநீர் வழி அடைபட்ட பூனை ஓரிரு நாளில் இறந்துவிடும். நாம் உட்கொள்ளும் பரசிற்றமோல் குளிசையைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது. அது பூனைக்கு நஞ்சு.

வீட்டார் தம்மையும் காத்துக்கொள்ளுதல் வேண்டும். விசர்நோய் நம் நாட்டை விட்டு இன்னும் முற்றாக நீங்கவில்லை; அந்நோய் பூனையின் வாயிலாகவும் பரவும். புதிய பூனைக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டிருக்கின்றதா என்று கேட்டறியுங்கள், இல்லையெனில் ஏற்றுவியுங்கள். கடியோ கீறலோ ஏற்பட்டால் சவர்க்காரமும் ஓடும் நீருங்கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிறு கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

எவ்வளவு காலம் காத்திருப்பது என்று நீங்கள் கேட்கலாம். மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வர். மூன்று நாளில் நடுக்கம் தணியும். மூன்று கிழமையில் வீட்டின் ஒழுங்கு பழகும். மூன்று மாதத்தில் வீடு தன்னுடையதென்ற எண்ணம் உறுதிப்படும். இது விதியன்று, ஒரு வழிகாட்டி மட்டுமே. குட்டிப்பருவத்தில், ஏறத்தாழ இரண்டாவது கிழமையிலிருந்து ஏழாவது கிழமைவரை, மனிதரின் கைபட்டு வளர்ந்த பூனை விரைவிற் பழகும். அந்தப் பேறு கிடைக்காத பூனைக்கு இன்னும் நெடுங்காலம் வேண்டும். முதற்சில கிழமைகள் வீட்டுக்கு வெளியே விடாதிருத்தல் இன்றியமையாதது. விட்டால், பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டு, பெருந்தெருக்களைக் கடக்கும்போது வாகனத்தில் அகப்படக் கூடும். வீட்டிலே முன்னரே பூனையொன்று இருந்தால், இரண்டையும் நேரே சந்திக்க விடாமல், ஒன்று படுத்த துணியை மற்றொன்றின் அறையிற் போட்டு, முதலில் மணத்தால் அறிமுகம் செய்துவையுங்கள்.

நேயர்களே, வளர்ந்த பூனை நம்மிடம் வரும்போது ஒரு வீட்டை ஏற்கனவே இழந்துவிட்டே வருகின்றது. அதனிடம் முதற்கிழமையிலேயே அன்பை எதிர்பார்த்து, கிடைக்காதபோது துரத்திவிட்டால், அது இரண்டாம் முறையும் வீட்டை இழக்கின்றது. தெருவிலே அந்த இரண்டாம் இழப்பைத் தாங்கிப் பிழைக்கும் பூனைகள் சிலவே. ஓர் அறை, ஒரு பெட்டி, பழைய துணியொன்று, சில கிழமைப் பொறுமை. அதற்கு வேண்டியவை இவ்வளவே. ஒருநாள் மாலை நீங்கள் அழைக்காமலே அது வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து உங்கள் காலில் முகத்தை உரசும். அது தன் புதிய ஊரின் முதலெழுத்தை உங்கள்மீது எழுதுகின்றது என்று அப்போது அறிந்துகொள்ளுங்கள்.