மெகாபிக்சலை விடுங்க, சென்சாரைப் பாருங்க

பழைய டிஜிட்டல் கேமரா வாங்கலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் வச்சிருக்கிறது சோனி ஆர்எக்ஸ்100, 2012-ல் வந்த முதல் மாடல். 20 மெகாபிக்சல். அது பெரிய விஷயமில்லை, அப்போதைய சாதாரண பாக்கெட் கேமராவிலும் 16, 20-ன்னு போட்டிருப்பாங்க. ஆனா அதுல சென்சார் சுமார் 28 சதுர மில்லிமீட்டர், இதுல 116. நாலு மடங்கு! ராத்திரி கல்யாண ரிசப்ஷன்ல எடுத்துப் பாருங்க, தெரியும்.

ஒரு சிக்கல். பெருமையா சொல்ற எஃப்1.8 ஜூம் பண்ணாத வரைக்கும்தான். முழுசா ஜூம் பண்ணினா எஃப்4.9, உள்ளே வர்ற வெளிச்சம் ஏழில் ஒரு பங்குதான். நான் ஜூமைத் தொடாம நாலடி முன்னால நடந்துடுவேன். வியூஃபைண்டர் கிடையாது, வெயில்ல ஸ்கிரீனைப் பார்க்கிறது கொடுமை.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா, காசு கொடுக்கிறதுக்கு முன்னால பத்து தடவை ஆன்-ஆஃப் பண்ணுங்க. லென்ஸ் மக்கர் பண்ணாம உள்ளே போகணும். திக்கினா வேண்டாம், வச்சுட்டு வந்துடுங்க.