வட்டத்தைக் கறுப்பாக்கினால் வாத்தியாரா?



எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆசிரியர் நியமனத்தைப் பற்றிச் சூடாகப் பேசிவிட்டார்கள். நான் அதற்கு அடுத்த வாசலைத் தட்டுகிறேன். நாளைக்கு வகுப்பில் நின்று நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவருக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று இந்த அரசாங்கம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? முப்பது கேள்வி கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை கொடுக்கிறது. ஏதாவது ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கச் சொல்கிறது. அதோடு பரிசோதனை முடிந்தது!

கணக்கைப் பாருங்கள். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் மொத்த மதிப்பெண் 150. அதில் ஆங்கிலத்துக்கு 30. பொதுப் பிரிவில் தேறுவதற்கு 90 வேண்டும். ஆங்கிலத்தை விட்டுவிட்டால் மீதி 120. அந்த 120-இல் 90 எடுத்தவர், ஆங்கிலத்தில் பூஜ்யம் வாங்கினாலும் தேர்ச்சி பெற்றவரே. பூஜ்யம் வாங்குவதுகூட அவ்வளவு சுலபமில்லை, ஐயா! தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கறுப்பாக்கிவிட்டு வந்தாலும் சராசரியாக ஏழெட்டு விழுந்துவிடும். அந்த ஏழெட்டோடு ஒருவர் ஒன்றாம் வகுப்புக்குப் போகலாம், ஆங்கிலப் பாடப்புத்தகத்தைத் திறக்கலாம், நாற்பது பிள்ளைகளின் முதல் ஆங்கிலத்தை உருவாக்கலாம். சட்டம் தடுக்காது.

இந்தத் தேர்வுக்கு வழிகாட்டி நெறிகளை 2011-இல் வகுத்தது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். இரண்டாம் மொழித் தாள் எதைச் சோதிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது: மொழியின் அடிப்படைக் கூறுகள், கருத்துப் பரிமாற்றத் திறன், படித்துப் புரிந்துகொள்ளும் திறன். கருத்துப் பரிமாற்றத் திறன்! வாயைத் திறக்காமல், ஒரு வரி எழுதாமல், பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் கறுப்பாக்கி நிரூபிக்க வேண்டிய கருத்துப் பரிமாற்றத் திறன்! தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றுக்கு நாதஸ்வர வித்வான் வேண்டும் என்று அழைத்துவிட்டு, வாத்தியத்தை வாசலில் வைத்துவிட்டு வா, ராகத்தின் பெயரை மட்டும் டிக் அடி என்று சொன்னால் ஊர் சும்மா இருக்குமா?

அந்த முப்பது கேள்விகள்தான் என்ன? கோச்சிங் சென்டருக்குப் போனவர்களுக்கு மனப்பாடம். எதிர்ச்சொல் எது, இணைச்சொல் எது, சரியான க்வெஸ்டின் டேக் எது, இந்த வாக்கியம் எஸ்.வி.ஓ.சி.யா எஸ்.வி.ஓ.ஏ.வா, இந்தக் கவிதை வரியில் இருப்பது சிமிலியா மெட்டஃபரா. கைடு போட்டவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். இவை தெரிந்திருப்பது தப்பில்லை. இவை மட்டும் தெரிந்தவரை ஆங்கிலம் தெரிந்தவர் என்று முத்திரை குத்துவதுதான் தப்பு.

சொல்வளத்தையே எடுத்துக்கொள்வோம். மைக்கேல் வெஸ்ட் என்று ஓர் ஆங்கிலேயர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தியவர், வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அவர் பெயரில் 1953-இல் ஒரு சொற்பட்டியல் வெளிவந்தது. ஏறக்குறைய 2,000 சொற்கள். அன்றாட ஆங்கிலத்தின் பெரும்பகுதி அந்த இரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது. கெட், டேக், புட், டர்ன், கிவ் என்ற சின்னச் சின்னச் சொற்கள். அவற்றைப் புரட்டிப் புரட்டி நூறு விதமாகப் பயன்படுத்துகிற கைப்பழக்கம்தான் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு வேண்டிய சொல்வளம். நம் வினாத்தாளோ ஒருவரும் வகுப்பில் பேசாத சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்கிறது. 'பெனவலன்ட்' என்ற சொல்லின் எதிர்ச்சொல்லைச் சரியாகக் கறுப்பாக்கிய ஒரு பயிற்சி மாணவியின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பெண். பக்கத்தைத் திருப்புங்கள், நோட்டைப் பின்னால் அனுப்புங்கள், இப்போது யாருடைய முறை என்ற மூன்றையும் அந்தப் பெண்ணால் ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. சொல்ல வரவில்லை என்று அதற்கே தெரிந்து முகம் சிவந்துபோயிற்று. நான் கோபப்பட்டது அந்தப் பெண்ணிடம் அல்ல. படித்த காலமெல்லாம் ஒருவராவது அந்தப் பெண்ணை ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேச வைத்ததுண்டா? ஒரு தேர்வாவது கேட்டதுண்டா?

இலக்கணத்துக்கு வருகிறேன். இங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நோட்டில் எழுதுகிறது: 'யெஸ்டர்டே ஐ கோட் டு மை அத்தை ஹவுஸ்.' 'வென்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில், 'கோ'வோடு 'எட்' சேர்த்து அதுவாகவே ஒரு சொல்லைச் செய்துகொண்டது. என்ன செய்வீர்கள்? சிவப்பு மையை எடுத்து மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவீர்களா? இலக்கணம் தெரிந்த ஆசிரியர் அந்த வரியைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். நேற்று நடந்ததைச் சொல்ல வினைச்சொல்லின் வாலில் 'எட்' சேர்க்க வேண்டும் என்ற விதியைப் பிள்ளை பிடித்துவிட்டது. எல்லா வினைக்கும் அது பொருந்தாது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. போன மாதம் 'யெஸ்டர்டே ஐ கோ' என்று எழுதிய பிள்ளை ஒரு படி ஏறியிருக்கிறது. இப்போது 'வென்ட்' சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். 'அத்தை'யை இன்றைக்கு விட்டுவிடலாம், 'அத்தை ஹவுஸ்' என்பதில் விடுபட்ட 'எஸ்'ஸை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இதுதான் ஆசிரியருக்கு வேண்டிய இலக்கண அறிவு. தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும், எதை முதலில் திருத்த வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இந்த மூன்றில் முதலாவதைத்தான் தொடும், அதையும் அரைகுறையாகத்தான் தொடும்.

இப்படியெல்லாம் சோதிக்க முடியுமா என்று கேட்பார்கள். ஹாங்காங்கில் 2001-இலிருந்து சோதிக்கிறார்கள், ஐயா! ஆங்கில ஆசிரியர்களுக்கென்றே ஒரு மொழித்திறன் மதிப்பீடு. படித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் என்று தனித்தனித் தாள்கள். எழுத்துத் தாளில் ஒரு பகுதியாக ஒரு மாணவரின் கட்டுரையைக் கொடுத்து, பிழையைத் திருத்து, ஏன் பிழை என்று விளக்கு என்கிறார்கள். அதோடு விடவில்லை. வகுப்பறை மொழி என்று இன்னொரு பகுதி. பணியில் இருப்பவர் என்றால் மதிப்பீட்டாளர் அவர் வகுப்புக்கே வந்து உட்காருகிறார். இலக்கணத் துல்லியம், உச்சரிப்பும் தொனியும், பிள்ளைகளோடு பேசும் மொழி, பாடம் விளக்கும் மொழி என்று நான்கையும் தனித்தனியாக அளக்கிறார். இதைக் கொண்டுவந்தபோது, 2000-இல், அங்கே ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. பல்லாண்டு பாடம் நடத்தியவரை ஒருநாள் காலையில் கூப்பிட்டு உனக்கு ஆங்கிலம் வருமா என்று கேட்டால் யாருக்குத்தான் வலிக்காது? நம் ஊரிலும் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் தேற வேண்டும் என்று சொன்னபோது எத்தனை வீட்டில் தூக்கம் போனது என்று எனக்குத் தெரியும். ஆகவேதான் சொல்கிறேன், வாசலிலேயே ஒழுங்காகக் கேளுங்கள். உள்ளே விட்டுவிட்டு இருபது வருடம் கழித்துக் கேட்காதீர்கள்.

தேர்வை நடத்தும் ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்வது இது: 'ஆறு லட்சம் பேர் எழுதுகிற தேர்வு, ஒவ்வொருவரையும் பேச வைக்க முடியுமா?' ஆறு லட்சம் பேரைப் பேச வையுங்கள் என்று யார் சொன்னது? தேறியவர்களைப் பேச வையுங்கள். 2012 அக்டோபர் டெட் தேர்வில் தேறியவர்கள் சுமார் 19,000 பேர். அன்றைக்கு மாவட்டங்கள் 32. மாவட்டத்துக்கு அறுநூறு பேர். ஆளுக்குப் பத்து நிமிடம், இரண்டு குழு, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் ஒன்பது நாளில் முடிந்துவிடும். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு நடத்துகிற அரசாங்கத்துக்கு இந்த ஒன்பது நாள் மலையா?

இன்னொரு ஆட்சேபம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். வாய்மொழித் தேர்வு என்றால் சிபாரிசு வரும், கவர் வரும். வட்டத்தைத் திருத்தும் ஓ.எம்.ஆர். இயந்திரத்துக்கு யாரும் போன் போட முடியாது என்பதால்தான் ஏழைப் பிள்ளை அதை நம்புகிறது. அந்த நம்பிக்கையை நான் கெடுக்க வரவில்லை. வெளிமாவட்டத்திலிருந்து இரண்டு பேர் வரட்டும். பேசுவது முழுவதும் பதிவாகட்டும். பெயர் வேண்டாம், எண் போதும். இதற்கு மதிப்பெண்ணும் வேண்டாம், தரவரிசையும் வேண்டாம். தேறினார், தேறவில்லை என்பது போதும். தேறாதவர் ஆறு மாதத்தில் மறுபடி வரட்டும். ஓ.எம்.ஆர். தேர்வின் தேர்ச்சி அவரிடமே இருக்கட்டும்.

தமிழ் மேடையில் நின்று ஆங்கிலத்துக்குக் கொடி பிடிக்கிறாயே என்று யாராவது முணுமுணுத்தால், அவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஆசிரியர் நியமனத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் வைத்தார்கள். 50-க்கு 20 எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டோம் என்றார்கள். கை தட்டி வரவேற்றோம். தமிழ்நாட்டில் வாத்தியாராக இருக்க வேண்டுமானால் தமிழ் தெரிந்தாக வேண்டும் என்று தமிழுக்குக் கோடு கிழிக்கத் தெரிந்த கைக்கு, ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கோடு கிழிக்க மட்டும் ஏன் நடுங்குகிறது? 2018-இல் அரசாணை 149 போட்டு, டெட் தேறியவருக்கும் இன்னொரு போட்டித் தேர்வு என்றார்கள். அந்த இரண்டாவது தேர்வும் என்ன? அதே வட்டம், அதே கறுப்பு! ஒரே வட்டத்தை இரண்டு முறை கறுப்பாக்கினால் ஆங்கிலம் வந்துவிடுமா?

இத்தனைக்கும் பழி யார் தலையில் விழுகிறது? தேர்வு எழுதியவர்கள் தலையில். 2012 ஜூலையில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள், 2,448 பேர் தேறினார்கள். 'பார், நம் வாத்தியார்களின் லட்சணம்' என்று ஊரெல்லாம் சிரித்தது. அந்தத் தேர்வுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. 150 கேள்விக்கு 90 நிமிடம்! அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு வைத்தார்கள், 19,000 பேர் தேறினார்கள். வினாத்தாள் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூன்றே மாதத்தில் தமிழ்நாட்டின் அறிவு எட்டு மடங்கு பெருகிவிட்டதா? அந்த ஜூலைத் தேர்வு அறிவை அளந்ததா, கை வேகத்தை அளந்ததா என்று சிரித்தவர்கள் யாரும் கேட்கவில்லை. அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவைத் தொடங்கியதும் அந்த 2012-13 கல்வியாண்டில்தான். ஒரு கையால் ஆங்கில வழிப் பலகையை மாட்டினார்கள். மறு கையால் ஆங்கிலத்தில் ஏழெட்டு வாங்கினாலும் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள்.

அளப்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். அன்றைய சென்னை மாநிலம் அதை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. 1950-களின் இறுதியில், ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க முனைந்தார்கள். முதலில் சிலரைப் பழக்கி, அவர்களைக் கொண்டு பலரைப் பழக்கும் ஏற்பாடு. 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று ஆங்கிலம் கற்பிப்போர் உலகத்தில் அதற்குப் பெயரே உண்டு. கைமாறக் கைமாறச் சரக்கு நீர்த்துப் போகும் என்பது அந்த முறையின் குறை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆசிரியருக்கு ஆங்கிலம் தருவது தன் கடமை என்று அன்றைய அரசாங்கம் நினைத்தது. இன்று அந்தக் கடமையைக் கோச்சிங் சென்டருக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று.

ஆகவே கேட்கிறோம். ஆசிரியர் பட்டயப் பயிற்சியின் இரண்டு ஆண்டிலும் ஆங்கிலத்தில் பேசிப் பழக நேரம் ஒதுக்கு. மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் காலியாகக் கிடக்கும் ஆங்கில விரிவுரையாளர் இடத்தை நிரப்பு. தகுதித் தேர்வின் ஆங்கிலப் பகுதிக்குத் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் வை. தேறியவரிடம் ஒரு பிள்ளையின் நோட்டைக் கொடுத்துத் திருத்தச் சொல், பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொல். பயிற்சியை இந்த ஆண்டே தொடங்கு. புதிய தேர்வை அந்தப் பயிற்சி பெற்ற முதல் அணி வெளியே வரும்போது நடத்து. இன்றைக்குத் தேறிக் காத்திருப்பவரை இதைக் காட்டி மறுபடியும் நிறுத்தி வைக்காதே, அவருக்கு நியமனத்தைக் கொடுத்துப் பணியில் வைத்தே பயிற்சி கொடு.

இவ்வளவையும் எழுதிய மனு மண்டப வாசலில் மேஜைமேல் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை அமைச்சருக்கும் ஆசிரியர் தேர்வு வாரியத் தலைவருக்கும் போகப்போகிறது. சாப்பிடப் போகும் முன் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பெற்றோர்கள் முதலில் போடுங்கள்.