தலைச்சன் பிரசவத்துக்குத் துணை யார்?



தலைச்சன் பிரசவத்தில் வலி கண்டு 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அவ்வளவு நேரமும் “பயமா இருக்கு” என்று அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஒருத்தர் வேண்டாமா? அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் உறவினர் கூட இருக்க 2016-இல் மத்திய அரசு வழி செய்தது. துணை இருந்தால் வலி நேரம் குறைகிறது, சுகப்பிரசவமும் கூடுகிறது.

அம்மாவா, மாமியாரா, அக்காவா? பிள்ளை பெற்ற அனுபவமுள்ளவராகப் பாருங்கள். எட்டாம் மாதமே அவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

துணைக்குப் போகும் தாயே! தொற்றுநோய் இருந்தால் போகாதீர்கள். சுத்தமான சேலை உடுத்துங்கள். இடுப்பை நீவிவிடுங்கள். “கத்தாதே” என்று அதட்டாதீர்கள். “இதோ ஆச்சு கண்ணு” என்று தைரியம் சொல்லுங்கள். நர்சம்மா வேலையில் குறுக்கே போகாதீர்கள்.

தம்பி, வலி கண்டதும் 108-ஐக் கூப்பிடுவது உங்க பொறுப்பு!