வகுப்பறையில் கேமரா: யாருடைய பாதுகாப்புக்கு?

(கல்வித் துறைத் தோழர்களின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



2017 செப்டம்பர் 8 அன்று குருகிராமில் ஒரு தனியார் பள்ளியின் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். உடனடியாக அரியானா காவல்துறை பள்ளிப் பேருந்தின் நடத்துனரைக் கைது செய்து, அவரே குற்றவாளி என்று அறிவித்தது. சிபிஐ விசாரணையிலோ அந்த ஏழைத் தொழிலாளிக்குக் கொலையில் தொடர்பில்லை என்பது வெளிப்பட்டது. அதே பள்ளி மாணவர் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. இந்தத் துயரத்தின் பின்னணியில்தான் தில்லி அரசு தன் பள்ளிகளில் கேமரா பொருத்த முடிவெடுத்தது. 2019 ஜூலையில் லாஜ்பத் நகரில் திட்டம் தொடங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள், சுமார் 1.46 லட்சம் கேமராக்கள், மதிப்பீடு ஏறத்தாழ 600 கோடி ரூபாய். வகுப்பறைக் காட்சியைப் பெற்றோர் கைப்பேசியிலேயே காணலாம் என்றும் உறுதியளிக்கப்பட்டது.

2025 ஜூலையில் சிபிஎஸ்இ இன்னும் ஒருபடி முன்னே சென்றது. வகுப்பறை, ஆய்வகம், நூலகம், விளையாட்டுத் திடல் அனைத்திலும் ஒலியையும் பதிவு செய்யும் கேமரா கட்டாயம். பதிவுகளைக் குறைந்தது 15 நாள் வைத்திருக்க வேண்டும். கழிப்பறைக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கு தேவையானதே. ஆனால் குருகிராம் கொலை நடந்தது அங்கேதான்!

காலையில் வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் தாய் கேமராவை வரவேற்பதில் வியப்பில்லை. அவருடைய அச்சம் உண்மையானது. அதை எள்ளி நகையாடுவது இடதுசாரி அரசியல் ஆகாது. நுழைவாயிலில் கேமரா வேண்டும் என்றால் எதிர்ப்பதற்கு ஒன்றுமில்லை. வகுப்பறையில் ஒலிப்பதிவு எதற்கு என்பதே கேள்வி. கேமரா நடந்ததைக் காட்டும், ஓடிவந்து தடுக்காது. தடுக்க வேண்டியவர்கள் நிரந்தரப் பணியிலுள்ள உதவியாளர்கள், காவலர்கள், மனநல ஆலோசகர்கள். அந்தப் பணிகளோ ஒப்பந்ததாரர்களிடம் விடப்படுகின்றன, அல்லது காலியாகவே கிடக்கின்றன.

தில்லியில் வேலை செய்த நாளுக்கு மட்டும் ஊதியம் பெறும் ‘கெஸ்ட் டீச்சர்கள்’ பல்லாயிரம் பேர். வரலாற்றுப் பாடத்தில் மதவெறி பற்றியோ சாதி பற்றியோ பேசும் ஒருவரது ஒரு வாக்கியம் வெட்டியெடுக்கப்பட்டால், அவரது வேலை என்னவாகும்? தயங்கித் தயங்கிக் கேள்வி கேட்கும் குழந்தையும் விரைவில் வாய்மூடப் பழகிவிடும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதற்குத் தடை விதித்தது. ஆனால் ஒன்றிய அரசின் 2025 விதிகள் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தன: கல்விச் செயல்பாடு, பாதுகாப்பு என்று சொன்னால் போதும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்கும் வழக்கமான வேலை!

தில்லியில் பெற்றோர் சங்கமும் அரசுப் பள்ளி ஆசிரியர் சங்கமும் இத்திட்டத்தை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றன. நீதிமன்றத்துக்கு வெளியேயும் ஒரு களம் உண்டு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். பதிவை யார் பார்க்கிறார்கள், எந்த நிறுவனத்திடம் சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படுகிறது, அதே பள்ளியில் எத்தனை பணியிடங்கள் காலி? பெற்றோரையும் ஆசிரியர்களையும் இணைத்து, அடுத்த குழுக் கூட்டத்திலேயே இக்கேள்விகளுக்கு எழுத்துபூர்வமான பதிலைக் கோருங்கள்.